கென்யாவில் ஒட்டகச்சிவிங்கி பார்க்கப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கென்யாவுக்கு சஃபாரி போகிறவர்களில் பெரும்பாலோர் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம் என்று ஒரு பட்டியலோடுதான் கிளம்புகிறார்கள். ஒட்டகச்சிவிங்கி அந்தப் பட்டியலில் இருக்காது. வழியில் தானாகவே தென்படும், வண்டியை இரண்டு நிமிடம் நிறுத்துவார்கள், நாலு படம் எடுப்பார்கள், "சரி, போகலாம்" என்று நகர்ந்துவிடுவார்கள். அந்த இரண்டு நிமிடத்தை அரை நாளாக நீட்டினால் என்னவெல்லாம் கிடைக்கும், அந்த அரை நாளால் அந்த விலங்குக்கும் எப்படி நன்மை செய்யலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நம்மில் பலர் ஒட்டகச்சிவிங்கியை முதலில் பார்த்தது மைசூர் உயிரியல் பூங்காவில்தான். அதனாலோ என்னவோ, இது எங்கும் நிறைய இருக்கும் விலங்கு என்ற எண்ணம் நமக்குள் இருக்கிறது. உண்மை நிலவரம் வேறு. ஆப்பிரிக்கக் காடுகளில் யானைகள் நான்கு லட்சத்துக்கும் மேல் என்பது 2016-ல் வந்த மதிப்பீடு. ஒட்டகச்சிவிங்கிகளோ இன்றைய கணக்கில் சுமார் 1,40,000 மட்டுமே. 1985-ல் இருந்து 2015 வரையிலான முப்பது வருடத்தில் எண்ணிக்கை ஏறக்குறைய நாற்பது சதவீதம் சரிந்ததால், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-ல் அதை அழிவாய்ப்புள்ள விலங்குகளின் வரிசைக்கு மாற்றியது. யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் எழுந்த குரல் இதற்கு எழவில்லை. இத்தனை பெரிய விலங்கு குறைந்துகொண்டே வந்ததை உலகம் கவனிக்கவே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமான விஷயம்.

முதலில்: எந்த ஒட்டகச்சிவிங்கி?

ஒட்டகச்சிவிங்கி என்றால் ஒரே இனம் என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். ஜூலியன் ஃபென்னசி உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, இவை நான்கு தனித்தனி இனங்கள் என்று 2016-ல் எழுதினார்கள். பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு 2025 ஆகஸ்டில் இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் அதை ஏற்றுக்கொண்டது. வடக்கு, ரெட்டிகுலேட்டட், மசாய், தெற்கு என்பவையே அந்த நான்கு.

மொத்தத்தை இப்படிப் பிரித்துப் பார்க்கும்போதுதான் ஆபத்து கண்ணில் படுகிறது. தெற்கு இனம் சுமார் 69,000, மசாய் சுமார் 44,000, ரெட்டிகுலேட்டட் சுமார் 21,000. வடக்கு இனமோ வெறும் 7,000 சொச்சம். ஒரே இனமாக எண்ணியவரை, தெற்கில் கூடிய எண்ணிக்கை வடக்கில் காலியானதை மறைத்துக்கொண்டே இருந்தது.

இந்த நான்கில் மூன்று கென்யாவில் இருக்கின்றன. ஒரு வாரப் பயணத்தில் மூன்றையும் பார்த்துவிடலாம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் கென்யாவைச் சொல்வதற்குக் காரணம் இதுதான். 2021-ல் அந்த நாடு எடுத்த தேசிய வனவிலங்குக் கணக்கெடுப்பில் 34,000-க்கும் மேற்பட்ட ஒட்டகச்சிவிங்கிகள் எண்ணப்பட்டன.

மூன்றையும் பிரித்தறிய காலைப் பாருங்கள், பிறகு உடலின் திட்டுகளைப் பாருங்கள்.

மசாய் இனத்தின் திட்டுகளுக்கு ஒழுங்கான விளிம்பு கிடையாது. திராட்சை இலையைப் போல ஓரமெல்லாம் கிழிந்து பிசிறாக இருக்கும், அவை கால் வழியே குளம்பு வரை இறங்கும். ரெட்டிகுலேட்டட் இனத்தைத் தவறவிடவே முடியாது. செம்பழுப்பில் பெரிய பெரிய பலகோணக் கட்டங்கள், நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள், விளிம்பு கத்தியால் வெட்டியது மாதிரி நேராக இருக்கும். மூன்றாவது, வடக்கு இனத்தைச் சேர்ந்த நூபியன் ஒட்டகச்சிவிங்கி. கென்யக் கைடுகள் இதை இன்றும் ராத்ஸ்சைல்ட் என்றுதான் சொல்வார்கள், நீங்களும் அப்படியே கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லாமல் கால் வெளுத்திருந்தால் அது நூபியன்தான். 2021 கணக்கெடுப்பின்படி கென்யாவில் இவை ஆயிரத்துக்கும் குறைவு.

கிளம்புவதற்கு முன்

காலம்: ஜூன் முதல் அக்டோபர் வரை, இல்லாவிட்டால் ஜனவரி, பிப்ரவரி. மழைக்காலத்தில் எங்கும் தழை இருக்கும் என்பதால் ஒட்டகச்சிவிங்கிகள் பரவிப் போய்விடும். வறண்ட மாதங்களில் ஆற்றோர மரங்களைத் தேடி வரும், தேட வேண்டிய இடமும் சுருங்கும். மார்ச் கடைசி முதல் மே வரையிலான பெருமழையைத் தவிர்த்துவிடுங்கள்.

தடுப்பூசி: இதை யாரும் அலட்சியமாக விடக்கூடாது. இந்தியாவிலிருந்து கென்யாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்பதில்லை, ஆனால் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது கேட்பார்கள். சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். சாதாரண மருத்துவமனைகளில் போட்டுக்கொண்டால் செல்லாது. அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகம் அப்படிப்பட்ட ஒன்று. முன்பதிவும் நாள் கிழமையும் பார்த்துப் போக வேண்டியிருக்கும், எனவே டிக்கெட் போட்ட அதே வாரத்தில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். இலங்கைக்குத் திரும்புகிறவர்களுக்கும் இதே சான்றிதழ் தேவை. மலேரியாவுக்கு என்ன மாத்திரை என்று மருத்துவரிடம் கேளுங்கள். நைரோபியில் ஆபத்து குறைவு, வடக்கே உள்ள சம்புரு, பரிங்கோ பகுதிகள் அப்படியில்லை.

அனுமதி: 2024 ஜனவரி முதல் கென்யாவில் விசாவுக்குப் பதில் இணையவழிப் பயண முன் அனுமதி வந்துவிட்டது. தங்குமிட விவரத்தோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் உண்டு.

பை: கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் 2020 முதல் தடை. கேரி பேக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காக் கட்டணத்தை ரொக்கமாக வாங்குவதில்லை, கார்டு அவசியம். ஒவ்வொருவருக்கும் ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. ஒன்றை நாலு பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் காட்சி முடிந்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்படவே வேண்டாம். குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் நாடு, நைரோபியில் நல்ல சைவ உணவகங்கள் நிறைய. கென்யர்களே சப்பாத்தியைச் சப்பாத்தி என்றுதான் சொல்கிறார்கள். சோளமும் பீன்சும் சேர்த்து வேகவைத்த கிதேரி நம் வாய்க்குப் பிடிக்கும். லாட்ஜில் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எந்த வழியில் போவது

ஏழெட்டு நாள் இருந்தால் நான் சொல்லும் வழி இது: நைரோபி, நைவாஷா, நகுரு, அங்கிருந்து நியாகுருரு வழியாக நன்யுகி, கடைசியில் சம்புரு. நாட்களைப் பிரிக்கும்போது சம்புருவுக்கு மூன்று இரவு ஒதுக்குங்கள். மற்ற இடங்களுக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

நைரோபி தேசியப் பூங்கா 117 சதுர கிலோமீட்டர்தான். நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், பின்னணியில் அடுக்குமாடிகள் தெரிய, மசாய் ஒட்டகச்சிவிங்கிகள் மேய்ந்துகொண்டிருக்கும். விமானம் இறங்கிய மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள். இங்கே பார்க்க வேண்டிய இன்னொன்று, பூங்காவின் குறுக்கே போகும் ரயில் பாலம். 2019-ல் நைவாஷா வரை நீண்ட புதிய ரயில் பாதை பூங்காவுக்குள் ஆறு கிலோமீட்டர் தூரத்துக்குத் தூண்கள் மேல் போகிறது, விலங்குகள் கீழே கடந்து போகட்டும் என்று உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். பூங்காவின் தெற்கு எல்லையில் வேலி கிடையாது. மழைக்காலத்தில் விலங்குகள் அந்தப் பக்கம் கிடெங்கேலா சமவெளிக்குப் போய் வருவது வழக்கம். அந்தச் சமவெளி இப்போது பிளாட் பிளாட்டாகப் பிரிந்து வேலியும் வீடுமாக மாறிக்கொண்டிருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் முதல் எதிரி யார் என்று கேட்டால் நிலம் துண்டாவதைத்தான் சொல்வேன். அதை நேரில் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இடம் கிடையாது.

நைரோபியில் லங்காட்டா பகுதியில் ஒட்டகச்சிவிங்கி மையம் ஒன்று இருக்கிறது. மேடையில் நின்று கையால் தீனி கொடுக்கலாம். 1979-ல் தொடங்கிய ஒரு அறக்கட்டளை ராத்ஸ்சைல்ட் ஒட்டகச்சிவிங்கிகளைக் காப்பாற்ற உருவாக்கிய இடம், நுழைவுக் கட்டணம் கென்யப் பள்ளிப் பிள்ளைகளின் சூழலியல் கல்விக்குப் போகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் தாராளமாக ஒரு மணி நேரம் போய் வாருங்கள். அந்த நீல நாக்கு கையில் உரசும்போது கிடைக்கும் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் நேரம் குறைவென்றால் இதை விட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போவதுதான் என் தேர்வு.

நைவாஷா அருகே ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா. இங்கே நடந்தும் சைக்கிளிலும் போக அனுமதி உண்டு. வண்டியின் கூரை வழியாகப் பார்த்துப் பழகிய விலங்கைத் தரையில் நின்று பார்க்கும்போதுதான் அதன் உயரம் உறைக்கும். வளர்ந்த ஆண் ஐந்தரை மீட்டர் வரை இருக்கும், அதன் கால் மட்டுமே நம்மைவிட உயரம். ஐம்பது மீட்டருக்கு உள்ளே போகாதீர்கள். அதன் ஒரு உதை சிங்கத்தையே கொல்லக்கூடியது.

நகுரு ஏரிப் பூங்காவில் நூபியன் ஒட்டகச்சிவிங்கிகள். இவை இங்கே இயல்பாக இருந்தவை அல்ல. மேற்குக் கென்யாவில் எல்டோரெட் பக்கத்துப் பண்ணை நிலங்களில் இடம் சுருங்கியதால் 1977-ல் இங்கே கொண்டுவந்து விடப்பட்டவற்றின் சந்ததி. பூங்காவைச் சுற்றி முழுக்க வேலி இருப்பதால் எளிதில் தென்படும். மஞ்சள் பட்டை கொண்ட காய்ச்சல் மரங்களுக்கு நடுவே தேடுங்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் நகுருவிலிருந்து வடக்கே பரிங்கோ ஏரிக்குப் போகலாம். கிளம்புமுன் அந்த மாவட்டத்தின் பாதுகாப்பு நிலவரத்தை ஓட்டுநரிடம் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நடந்ததைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்தப் பகுதியில் மோதிக்கொண்டிருந்த இல் சாமுஸ், போகோட் என்ற இரு சமூகத்தாரும் சேர்ந்து ருகோ என்ற காப்பகத்தை உருவாக்கினார்கள். 2011-ல் லோங்கிச்சாரோ என்ற தீபகற்பத்துக்கு ராத்ஸ்சைல்ட் ஒட்டகச்சிவிங்கிகளைக் கொண்டுவந்தார்கள். பிறகு ஏரி மட்டம் உயர உயரத் தீபகற்பம் தீவாகிவிட்டது, தீவும் சுருங்கிக்கொண்டே வந்தது. அங்கே கிடைத்த தழை போதாமல், காப்பாளர்கள் படகில் தீனி கொண்டுபோய்ப் போட்டார்கள். கடைசியில் காலி டிரம்களின் மேல் மிதக்கும் ஓர் இரும்புத் தெப்பத்தைக் கட்டி, 2020 டிசம்பரில் தொடங்கி 2021 ஏப்ரலுக்குள் ஒன்பது விலங்குகளையும் ஒவ்வொன்றாகக் கரை சேர்த்தார்கள். அஸீவா என்ற பெண் ஒட்டகச்சிவிங்கிதான் முதலில் வந்தது. தெப்பத்தைக் கண்டு மிரளாமல் இருக்க, முன்பே அதில் தீனி வைத்து ஏறி இறங்கப் பழக்கியிருந்தார்கள்.

நன்யுகி நிலநடுக்கோட்டில் இருக்கும் ஊர். அங்கிருந்து இசியோலோ வழியாக ஆர்ச்சர்ஸ் போஸ்ட் வந்தால் சம்புரு வாசல். மேட்டு நிலத்தின் குளிர் போய்ச் செம்மண்ணும் வெயிலும் ஆரம்பிக்கும் இடம். எவாசோ நிரோ ஆற்றின் வடகரை சம்புரு, தென்கரை பஃபலோ ஸ்பிரிங்ஸ். ஆற்றோரம் டூம் பனைகள் நிற்கும், கிளைவிட்ட பனையை முதன்முதலாகப் பார்க்கும் தமிழருக்கு அதுவே ஒரு காட்சி. ரெட்டிகுலேட்டட் ஒட்டகச்சிவிங்கியின் ஊர் இது. செம்மண் பின்னணியில், மாலை வெயிலில், அந்த வெள்ளைக் கோடுகள் எடுத்துத் தெரியும்.

வண்டியில் உட்கார்ந்து என்ன பார்ப்பது

முதல் வேலை, ஓட்டுநரிடம் பேசுவது. கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: "இன்று சிங்கம் தேட வேண்டாம், ஒட்டகச்சிவிங்கியோடு இருக்கப்போகிறோம்." ஸ்வாஹிலியில் அது ட்விகா. வேறு பயணிகளோடு பங்கு போட்ட வண்டியில் இது நடக்காது, அதனால் ஒரு நாளைக்காவது தனி வண்டி எடுங்கள். செலவு கூடத்தான் செய்யும், சம்புருவில் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

கூட்டம் தென்பட்டதும் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் அவை உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். காது முன்னால் திரும்பியிருக்கும், வாய் அசையாது. மெல்லுவது திரும்பத் தொடங்கினால் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். அதுவரை நகராதீர்கள், கேமராவைக்கூட எடுக்காமல் இருப்பது நல்லது.

அப்புறம் கழுத்தைப் பாருங்கள். ஒட்டகச்சிவிங்கி மாட்டைப் போலவே அசைபோடும் விலங்கு. ஒரு கவளத்தை மென்று விழுங்கியதும் சில நொடி அமைதி. பிறகு கழுத்தின் அடியில் ஒரு புடைப்பு தோன்றி, தோலுக்கடியில் விறுவிறுவென்று மேலேறி, தாடைக்குப் போய்ச் சேரும். உடனே தாடை பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கும். பைனாகுலர் இருந்தால் ஒவ்வொரு கவளமும் ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணலாம். மற்ற விலங்குகள் எல்லாம் நிழலில் முடங்கிவிடும் நடுப்பகலில் இதை நன்றாகப் பார்க்கலாம். எல்லோரும் லாட்ஜுக்குத் திரும்பும் நேரத்தில் நீங்கள் வெளியே இருக்க இது போதுமான காரணம்.

தின்னும்போது நாக்கைக் கவனியுங்கள். ஏறத்தாழ நாற்பத்தைந்து சென்டிமீட்டர் நீளம், முன்பகுதி கருநீலம். முட்களுக்கு நடுவே அதை நுழைத்து, தழையைச் சுற்றி இழுக்கும். நைரோபியிலும், நன்யுகி இருக்கும் லைகிப்பியா பக்கமும் விசில் முள் என்று ஒரு வேல மரம் உண்டு. அதன் முட்களின் அடியில் கறுப்பாக உருண்டை உருண்டையாக வீக்கம் இருக்கும், அதில் துளைபோட்டு எறும்புகள் குடியிருக்கும். காற்றடித்தால் அந்தத் துளைகள் சீழ்க்கை அடிக்கும். ஒட்டகச்சிவிங்கி கடித்த மறுகணம் எறும்புகள் கிளையெங்கும் பரவும். அது தலையை உதறிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும். ஒரு மரத்தில் எவ்வளவு நேரம் மேய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் மரமும் எறும்பும் சேர்ந்து தங்களைக் காத்துக்கொள்வது புரியும்.

ஆணா பெண்ணா என்று தெரிய, தலையில் இருக்கும் கொம்புகளின் உச்சியைப் பாருங்கள். பெண்ணுக்கு மெலிந்து, உச்சியில் கறுப்பு முடிக்கற்றை இருக்கும். ஆணுக்குத் தடித்து, வழுக்கையாக இருக்கும். சண்டையில் கழுத்தை வீசித் தலையால் அடித்து அடித்து அந்த முடி தேய்ந்துவிடுகிறது. இளம் ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று மெதுவாகக் கழுத்தை உரசிக்கொள்வது பயிற்சிச் சண்டை. பெரிய ஆண்கள் மோதும்போது கேட்கும் சத்தம் வேறு மாதிரி, நெஞ்சில் அதிரும்.

கூட்டம் முழுவதும் மேய்வதை நிறுத்தி ஒரே திசையைப் பார்த்தால் நீங்களும் அந்தத் திசையைப் பாருங்கள். அங்கே சிங்கம் இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல கைடுகள் சிங்கத்தை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

தண்ணீர் குடிப்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், தழையிலிருந்தே பெரும்பாலான நீர் கிடைத்துவிடுவதால் தினமும் குடிப்பதில்லை. காலை அகட்டிக் குனியும் அந்த நேரம்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம். பத்து நிமிடம் தயங்கும், நாலு பக்கமும் பார்க்கும், குனியப் போய் நிமிர்ந்துவிடும். அந்தச் சமயத்தில் ஒரு வண்டி இன்ஜினைக் கிளப்பினால் குடிக்காமலே திரும்பிவிடும். வறட்சி ஆண்டில் அது எத்தனை பெரிய இழப்பு என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2021-ல் வடகிழக்குக் கென்யாவில், வற்றிய குட்டையின் சேற்றில் சிக்கி மாண்ட ஒட்டகச்சிவிங்கிகளின் படங்கள் வெளிவந்தன.

கன்றுகள் இருக்கும் கூட்டத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பதினைந்து மாதம் சுமந்து ஈனும் கன்று பிறக்கும்போதே 1.8 மீட்டர் உயரம். ஆனாலும் சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பலியாகிப் பல கன்றுகள் முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே வண்டியை விடச் சொல்லவே கூடாது. ஓட்டுநர் டிப்ஸ் எதிர்பார்த்து இன்னும் கிட்டே போகட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பயன்படும் படம் எடுப்பது

ஒவ்வொரு ஒட்டகச்சிவிங்கியின் திட்டுகளும் அதற்கே உரியவை. பிறந்ததிலிருந்து சாகும்வரை வடிவம் மாறாது, வயதானால் நிறம் மட்டும் கறுக்கும். அதனால் ஒரு தெளிவான படம் இருந்தால் போதும், மயக்க ஊசியோ அடையாளப் பட்டையோ இல்லாமல் அந்த ஒரு விலங்கை வருடக்கணக்கில் பின்தொடரலாம். தான்சானியாவின் டாரங்கிரி பகுதியில் டெரெக் லீ, மோனிக்கா பாண்ட் தம்பதி இந்த முறையில்தான் ஆயிரக்கணக்கான மசாய் ஒட்டகச்சிவிங்கிகளைப் பதிவு செய்து வருகிறார்கள். தாயின் திட்டு வடிவத்தின் சில கூறுகள் கன்றுக்கும் வருகின்றன என்று அவர்கள் 2018-ல் காட்டினார்கள்.

பயணிகளின் படங்களும் இதற்கு உதவும். விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது, கழுத்தடி முதல் தொடை வரை முழுதாக வரும்படி எடுங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் வேறு வேறு வடிவம், முடிந்தால் இரண்டையும் எடுங்கள். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் வலது பக்கம். மரக்கிளை மறைக்கும் அழகான படத்தைவிட வெட்டவெளியில் நிற்கும் சாதாரணப் படம் இங்கே மதிப்புள்ளது. 300 மில்லிமீட்டர் லென்ஸ் தாராளம், விலங்கு தானாகக் கிட்டே வந்து நின்றால் போனும் போதும். கேமராவின் தேதி, நேரத்தைக் கென்ய நேரத்துக்கு மாற்றிவிடுங்கள், போனில் இருப்பிடப் பதிவை இயக்கி வையுங்கள். அதே படத்தைச் சமூக ஊடகத்தில் போடும்போது இருப்பிடத்தை நீக்கிவிடுங்கள்.

காலில் கம்பிச் சுருக்கு இறுகியோ, நொண்டியோ ஒரு விலங்கு தென்பட்டால் பின்னால் துரத்த வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, உடனே ரேஞ்சரிடம் சொல்லுங்கள். கென்ய வனவிலங்குத் துறையின் கால்நடை மருத்துவர்கள் வந்து சுருக்கை அறுத்துவிடுவார்கள்.

உங்கள் பணம் யாருக்குப் போகிறது

கென்யாவின் ஒட்டகச்சிவிங்கிகளில், குறிப்பாக ரெட்டிகுலேட்டட் இனத்தில், பெரும்பகுதி தேசியப் பூங்காக்களுக்கு வெளியே, ஆடு மாடு மேய்ப்பவர்களின் நிலத்தில் வாழ்கின்றன. அந்த மக்கள் வேண்டாம் என்று நினைத்தால் எந்தச் சட்டமும் அவற்றைக் காப்பாற்றாது. ஆகவே எங்கே தங்குகிறீர்கள் என்பது முக்கியமான முடிவு.

தென்மேற்குக் கென்யாவின் புகழ்பெற்ற மசாய் மாராவைச் சுற்றி மாரா நார்த், நபோய்ஷோ போன்ற காப்பகங்களில், நிலத்துக்குச் சொந்தக்காரர்களான மசாய் குடும்பங்களுக்குக் குத்தகைப் பணம் போகிறது. பதிலுக்கு அவர்கள் வேலி போடாமல் நிலத்தைத் திறந்து வைக்கிறார்கள். சம்புரு பக்கம் கலாமா, வெஸ்ட் கேட் போன்ற சமூகக் காப்பகங்கள் உண்டு. முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: நிலம் யாருடையது? ஓர் இரவு தங்கும் கட்டணத்தில் சமூகத்துக்கு எவ்வளவு? ரேஞ்சர்கள் உள்ளூர்க்காரர்களா? நேரான பதில் வராத இடத்தை நான் தவிர்ப்பேன். "சமூகக் காப்பகம்" என்ற பலகை மட்டும் போதாது. 2025-ல் இசியோலோ நீதிமன்றம், மக்களின் ஒப்புதலைச் சரியாகப் பெறவில்லை என்று இரண்டு காப்பகங்களைச் சட்டவிரோதம் என்றே அறிவித்தது.

நன்கொடை கொடுக்க விரும்புகிறவர்களுக்கு: நமீபியாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒட்டகச்சிவிங்கிப் பாதுகாப்பு அறக்கட்டளை இந்த ஒரு விலங்குக்காகவே வேலை செய்கிறது. பலன் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் நைஜரைப் பார்க்கலாம். அங்கே 1990-களின் நடுவில் மேற்கு ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி உலகிலேயே 49 தான் மிஞ்சியிருந்தது. தலைநகர் நியாமே அருகே கூரே கிராமங்களில், வேலியில்லாத விவசாய நிலத்தில், மக்களோடு மக்களாக வாழ்ந்த அவை இன்று 600-ஐத் தாண்டிவிட்டன. உகாண்டாவில் 2016-ல் 18 நூபியன் ஒட்டகச்சிவிங்கிகளை நைல் நதியின் தென்கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள், அங்கேயும் கன்றுகள் பிறந்து கூட்டம் வளர்ந்துவிட்டது.

வாங்கக்கூடாதது: எலும்புப் பிடி போட்ட கத்தி, வால்முடிக் காப்பு, தோல். கென்யாவில் வனவிலங்குப் பொருள் எதை வைத்திருந்தாலும் குற்றம். 2019 நவம்பரிலிருந்து ஒட்டகச்சிவிங்கி சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. விற்பவர் எத்தனை ரசீது காட்டினாலும் வேண்டாம்.

ஊர் திரும்பிய பிறகு

படங்களை ஹார்ட் டிஸ்கில் தூங்கவிடாதீர்கள். ஜிராஃப்ஸ்பாட்டர் என்ற இணையதளத்தில் பொதுமக்கள் தங்கள் படங்களை ஏற்றலாம், கட்டணம் கிடையாது. ஒவ்வொரு சந்திப்பையும் தனித்தனியாக ஏற்றுங்கள்: தேதி, இடம், எத்தனை விலங்குகள், ஆண், பெண், கன்று. இடத்துக்கு ஜிபிஎஸ் எண் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பூங்காவின் பெயரும், வாசலிலிருந்து எந்தப் பக்கம் என்பதும் போதும். ஆணா பெண்ணா என்று உறுதியாகத் தெரியவில்லையென்றால் "தெரியாது" என்றே போடுங்கள், ஊகித்து எழுதிய தகவல் ஆய்வாளர்களுக்குச் சிக்கலைத்தான் கொடுக்கும். படத்தை வெட்டாமல், நிறம் கூட்டாமல், எடுத்தபடியே ஏற்றுங்கள். மின்னஞ்சல் முகவரியும் கொடுத்து வையுங்கள். நீங்கள் படமெடுத்த அதே ஒட்டகச்சிவிங்கியைப் பின்னால் வேறு யாராவது பார்த்துப் பதிவேற்றினால் அந்தத் தகவல் உங்களுக்கும் வரும்.